இரண்டு நிமிஷமும் ஒரு முழம் மல்லிகையும்

1

பினாங்குப் பட்டணத்தில் வருஷத்துக்கு ஒரு நாள், நவம்பர் பதினோராம் தேதி காலை பதினோரு மணிக்குக் கோட்டைப் பக்கம் பீரங்கி போடுவார்கள். இருபது வருஷத்துக்கு முன் முடிந்த பெரிய யுத்தத்தில் செத்தவர்களை நினைத்து ஊர் முழுக்க இரண்டு நிமிஷம் அசையாமல் நிற்கும். கடற்கரைத் திடலில் அதற்கென்று கல்லால் உயரமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். துரைமார்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பார்கள். பசாரில் நாங்கள் அவரவர் இருந்த இடத்திலேயே நிற்போம். மீன் வெட்டுகிற சீனன் ஓங்கிய கத்தியோடு நிற்பான். கோழிகள் மட்டும் யார் பேச்சையும் கேட்காது.

பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு நிமிஷத்தில் கோழிகளோடு இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அது என் அம்மியில் குழவி ஓடுகிற சத்தம். என்னிடம் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் நிறுத்துவார்கள். நான் நிறுத்துவதில்லை. முதல் வருஷம் பசார் இன்ஸ்பெக்டர் வந்து ஏன் என்று கேட்டார். “செத்தவங்களுக்குத்தானே நிக்கிறீங்க? என் வீட்டுக்காரர் பேரு செத்தவங்க பட்டியல்ல இல்ல. சர்க்கார் காகிதமே எங்கிட்ட இருக்கு. நான் எதுக்கு நிறுத்தணும்?” என்றேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்க இந்தப் பசாரில் ஆள் இல்லை.

இந்த வருஷம் என் குழவி நின்றது.

கப்பலில் நம் ஊருக்கு வருகிறவர்கள் இதை அங்கே இருக்கிற உங்களிடம் தங்கள் இஷ்டத்துக்குச் சொல்வார்கள். தை மாதம் என் மகள் கலியாணம் வேறு இருக்கிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்கு இரண்டு வரி. நான் முத்தம்மாள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே நம் ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கலியாணமாகி, வீட்டுக்காரரோடு இந்தச் சீமைக்கு வந்தவள். இன்று பினாங்கில் அரைத்த மசாலா என்றால் என் கடைதான். ஒரு அம்மியில் தொடங்கினேன், இப்போது ஏழு. ஏழு கல்லும் ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்தவை. இந்த ஊர்க் கல் பொடி விடும். மிளகாய், மல்லி, மஞ்சள், சோம்பு என்று தனித்தனி உருண்டையாக அரைத்து வைத்திருப்போம். வருகிறவர்கள் மீனா இறைச்சியா, எத்தனை பேருக்கு என்று மட்டும் சொன்னால் போதும். விரலால் கிள்ளிச் சேர்த்து வாழை இலையில் கட்டிக் கொடுத்துவிடுவேன். மலாய்க்காரருக்கு ஒரு நாக்கு, சீனருக்கு ஒரு நாக்கு, நம்மவருக்கு ஒரு நாக்கு. துரை வீட்டுக் குசினிக்காரர்கள் வந்தால் மிளகாயைக் காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். எல்லா நாக்கும் என் விரலுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. பொட்டலத்துக்கு மேல் சுற்ற வாங்கிய பழைய பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டி, முப்பத்தெட்டாவது வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன். தமிழ் மட்டும்தான். இதையும் நானே எழுதுகிறேன். மகள் ராஜாமணி எழுத்துப் பிழையைத் திருத்துகிறாள். சொல்லில் கை வைக்க விடவில்லை. அவள் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னிடம் தமிழில் பேசுவாள், பிள்ளைகளோடு இங்கிலீஷில் பேசுவாள், எண்ணுவதும் இங்கிலீஷில்தான். எதில் அழுவாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் இந்தத் துறைமுகத்தில் சரக்குத் தோணிக்காரர். கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக் கரை சேர்ப்பது வேலை. யுத்தம் வந்தது. பசரா என்று ஒரு தேசம், அங்கே பெரிய ஆறு ஓடுகிறது, பட்டாளத்துச் சாமான் ஏற்றத் தோணிக்காரர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு வயது முப்பது. பதிமூன்று வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, ஐந்து மாதம், வயிற்றில். நாங்கள் இருந்த அறை தோணி வேலை செய்கிறவர்களுக்கு என்று விட்டது. தோணிக்காரர் இல்லை என்றால் அறையும் இல்லை. அடுத்த மாதமே வேறொருவன் பாயோடு வந்து வாசலில் நின்றான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் இறங்கினேன். என்னை அந்த யுத்தம் மூன்று தெரு தள்ளிவிட்டது. அதற்கு மேல் தள்ள நான் இடம் கொடுக்கவில்லை. ஒரு அம்மியைக் கடனாகக் கேட்டு வாங்கி, பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் மசாலா அரைக்க உட்கார்ந்தேன்.

யுத்தம் முடிந்து பசரா போனவர்கள் திரும்பினார்கள். இவர் வரவில்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் பார்த்ததாகச் சொன்னார். ஒருவர் பம்பாய்க்குப் போகிற கப்பலில் ஏறியதைப் பார்த்தேன் என்றார். ஒருவர் என்னைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார்.

3

இந்தப் பகுதியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

விசாரிக்கலாம் என்று ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. என் காரியத்தை நானே முடிப்பவள் என்ற கர்வம். அங்கே பதிவு எழுதுகிற கிராணி சீனர். மலாயில் கேட்டார், புருஷன் பேர் என்ன என்று.

உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சும்மா இருக்கும் நாளிலேயே சொல்ல மாட்டோம். யுத்தத்துக்குப் போய் வராதவர் பேரை எப்படிச் சொல்வேன்? பழனி மலையில் நிற்கிற சாமியின் பேர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நம்மவர் என்றால் சாமிக்கு உள்ள நாலைந்து பேரைச் சொல்லி, இதா அதா என்று கேட்டுத் தலையாட்ட வைத்திருப்பார். அந்தச் சீனருக்கு மலையும் தெரியாது, சாமியும் தெரியாது. காதில் விழுந்ததில் ஒன்றை எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து இங்கிலீஷில் காகிதம் வந்தது. பசாருக்கு வருகிற படித்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, நீங்கள் கேட்ட ஆள் பேர் செத்தவர்கள் பட்டியலில் இல்லை என்று சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது. காகிதத்தைத் தகர டப்பாவில் வைத்தேன். எதிரே போனவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ராஜாமணிக்குப் பத்து வயதானபோது அந்த டப்பாவைத் திறந்து காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அம்மா, இதுல பழனின்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல அப்பா பேரு வேற இருக்கே?” என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா கூட வந்து பேர் சொன்னார். அது சரியான பேர். துரைமாருக்கு நம் பேரெல்லாம் வாயில் வராது, மூடி வை என்றேன். அவள் மூடி வைத்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. பழனி என்று ஒருவரைத்தான் சர்க்கார் தேடியிருக்கிறது. அவர் பட்டியலில் இல்லை. என் வீட்டுக்காரரை யாரும் தேடவே இல்லை. மறுநாள் போய்ச் சரியான பேரைக் கொடுத்திருக்கலாம். ஆபீஸ் ரிக்‌ஷாவில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வேலை இருந்ததும் உண்மைதான்.

4

ராஜாமணி அந்தக் காகிதத்தைப் படித்து இரண்டு வருஷம் கழித்து நான் ஊருக்கு வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் கடுதாசி போட்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு வந்து இறங்கினேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவருக்கு வைக்கோலில் உருவம் செய்து காரியம் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தீர்கள். நாளும் பார்த்தாயிற்று.

நான் கூடத்தில் நின்று சர்க்கார் காகிதத்தைக் காட்டினேன். “இங்க பாருங்க முத்திரை. செத்தவங்கள்ல அவரு இல்லன்னு போட்டிருக்கு. சர்க்காரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?” என்றேன். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் கூடத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு வயது பன்னிரண்டு. என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போய், கப்பல் வரும் வரை எட்டு நாள் ஒரு சத்திரத்தில் கிடந்தோம். அந்த வெள்ளைச் சேலையையும் எடுத்து வந்துவிட்டேன். அண்ணன் தேடியிருப்பார். இங்கே அதை ஏழாகக் கிழித்து அம்மிக்கு மூடுதுணி ஆக்கினேன். இரண்டு வாரத்தில் மிளகாய் ஏறி வெள்ளை எது என்று தெரியாமல் போய்விட்டது.

பிறந்த ஊரிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்ற யுத்தம்தான் வேண்டும் என்பதில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

5

இந்த ஆவணியில் ராஜாமணிக்கு மாப்பிள்ளை முடிவானது. எதிர்க்கரையில் பாகான் டாலாமில் இருக்கிற நல்ல குடும்பம். மாப்பிள்ளை பிறை ரயில் ஆபீசில் கிராணி. அவர் அம்மா பாக்கியம் அம்மாள் ஃபெர்ரியில் ஏறி வந்து, அம்மிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுகிறவர். எனக்குப் பிடித்துப்போனது. இரண்டாம் தடவை வந்தபோது என் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, தட்டுத் தடங்கல் இல்லாமல் கேட்டார்.

“சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆரத்தி எடுக்க, பூ கொடுக்க நீங்கதான் முன்னால நிக்கணும். எங்க பக்கத்துப் பொம்பளைங்க கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் இருக்காருன்னா நில்லுங்க. இல்லைன்னா வேற ஆள் நிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்.”

சர்க்கார் காகிதம் இருக்கிறது என்றேன், வழக்கம்போல.

“நல்லதாப் போச்சு. அடுத்த தடவை என் மகன் வரப்ப காட்டுங்க. அவன் படிச்சு எல்லாருக்கும் சொல்லிடுவான்.”

பதினெட்டு வருஷத்தில் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. கலியாணப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பேர் ஒன்று இருக்கும், காகிதத்தில் வேறொன்று இருக்கும். மாப்பிள்ளை கிராணி, பேர் ஒத்துப்பார்ப்பதுதான் அவர் உத்தியோகமே. அன்று ராத்திரி ராஜாமணியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். “நீங்க முன்னால நின்னாலும் பின்னால நின்னாலும் எனக்கு ஒண்ணுதாம்மா” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அது பாக்கியம் அம்மாள் கேட்டதை விட அதிகமாக உறைத்தது.

6

இப்போது ஆ லானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சீனாவில் ஜப்பான்காரன் புகுந்தபின் இந்த வருஷம் கப்பல் கப்பலாகச் சீனப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஆண்களை எண்ணித்தான் இறக்கவிடுவார்கள். பெண்களுக்கு அப்போது அந்தக் கட்டு இல்லை. ஆ லான் கான்டன் பக்கத்துக் கிராமத்துப் பெண். வயது இருபத்தாறு இருக்கும். வேலை கேட்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். சீனத்தி மசாலா அரைப்பதா என்று பசாரே சிரித்தது. நான் அவள் தோளைப் பார்த்தேன், எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் மிளகாய்க் காந்தலில் கையைப் புளித்தண்ணீரில் வைத்துக்கொண்டே சோறு தின்றாள். இரண்டாம் மாதத்தில் என் பெண்கள் இருவர் அரைப்பதை ஒருத்தியாக அரைத்தாள். ஆள் பார்ப்பதில் நான் தவறினதில்லை.

நாங்கள் பேசுவது அரைகுறை மலாயில். அவளுக்கு நாற்பது வார்த்தை தெரியும், எனக்கு நூறு. என்னைத் தவுக்கே என்று கூப்பிடுவாள். சீனர்கள் முதலாளியைக் கூப்பிடுவது அப்படித்தான். அம்மியில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஒரு துண்டாக அவள் கதை வந்தது. புருஷனைப் பட்டாளத்தார் மூட்டை தூக்க இழுத்துப்போனார்கள். ஊர் எரிந்தது. மாமியாரோடு நடந்தாள். மாமியாருக்குக் கால் வரவில்லை. வழியில் ஒரு கோயிலில் உட்காரவைத்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் போகவில்லை. இதைச் சொன்னபோது அவள் குழவி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நானும் நிறுத்தவில்லை. மூட்டை தூக்கப்போன புருஷன் என்றதும் இவளும் நம் கட்சி என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

தீபாவளி வந்தது. ஒவ்வொரு வருஷமும் என் பெண்களுக்குச் சேலை கொடுத்து, என் கையாலேயே மல்லிகை வைத்துவிடுவேன். ஆ லானுக்குச் சட்டைத் துணி எடுத்திருந்தேன். கான்டன் பட்டணத்தை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று அந்த நாளில்தான் பசார் முழுக்கப் பேச்சு. சீனர் கடைகள் எல்லாம் முகம் தொங்கிக் கிடந்தன. இவள் பயந்திருப்பாள், தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வார்த்தை இல்லை. பூ இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவள்தானே பூ வைப்பாள்? உன் புருஷன் இருக்கிறான், கவலைப்படாதே என்று சொல்கிற மாதிரி ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவள் கொண்டையில் செருகினேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஆ லான் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

7

மறுநாள் வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் காலை கோபத்தோடு நானே போனேன். சூலியா தெருவுக்குப் பின் சந்தில் ஒரு கடையின் மாடியில், பத்துப் பதினைந்து சீனப் பெண்கள் பலகைக் கட்டில் போட்டு இருக்கிறார்கள். ஆ லான் தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சாக்குப் போன்ற வெள்ளைத் துணி. எதிரே ஒரு கிண்ணத்தில் ஊதுபத்தி, சுவரில் ஏதோ எழுதிய காகிதம், தட்டில் நான் வைத்துவிட்ட மல்லிகை, பழுத்துக் கிடந்தது.

அவள் எழுந்து எனக்குக் குனிந்து கும்பிடு போட்டாள். மலாயில் ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான ஆயா இருந்தாள். நம்மவர் வீட்டில் பிள்ளை வளர்த்தவளாம், தமிழ் நன்றாகப் பேசினாள்.

“உனக்கு நன்றி சொல்லுது. செய்திய மெதுவா சொன்னியாம். மத்தவங்க கத்தி சொல்லுவாங்களாம்.”

என்ன செய்தி என்று கேட்டேன்.

“புருஷன் செத்த செய்திதான். உம் மக பேப்பர் படிக்கிற டீச்சர், அதனால உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ வெள்ளைப் பூ வச்சு விட்டே இல்ல? நாங்க புருஷன் செத்தாத்தான் தலையில வெள்ளைப் பூ வைப்போம்.”

எங்கள் வழக்கம் வேறு, வாழ்கிறவள்தான் பூ வைப்பாள் என்று ஆயாவிடம் சொன்னேன். ஆயா அதைச் சீனத்தில் சொன்னாள். ஆ லான் என்னை நேராகக் கேட்டாள். “மாத்தி?” செத்துவிட்டாரா என்று அர்த்தம். “பெலும்” என்றேன். இன்னும் இல்லை. அந்த மலாய் வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். யார் என்ன கேட்டாலும் இருபது வருஷமாக நான் சொன்ன பதில் அதுதான்.

சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் உட்கார்ந்தாள். கடிதம் வந்ததா, யாராவது பார்த்தார்களா, பேர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். ஆயா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள்.

“வந்ததுலேர்ந்து இந்த மூணு நாள்தான் தூங்கினேன்னு சொல்லுது. இப்ப மறுபடி காத்துக்கிட்டு இருக்கணுமான்னு கேக்குது.”

சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டி அது என்ன என்று மட்டும் கேட்டேன். புருஷன் பேராம். பேர் எழுதி வைத்தால்தான் கொளுத்துகிற காகிதமும் வைக்கிற சோறும் அவனிடம் போய்ச் சேருமாம், பேர் இல்லாவிட்டால் வழியில் யாராவது எடுத்துக்கொள்வார்களாம். உன் புருஷன் பேர் என்ன, உனக்கும் ஒன்று எழுதித் தரட்டுமா என்று ஆ லான் கேட்டதாக ஆயா சொன்னாள்.

கடை திறந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் ஆ லான் வேலைக்கு வந்தாள். சட்டை பழையதுதான். கொண்டையில் மட்டும் வெள்ளைக் கம்பளி நூலில் முடிந்த சின்னப் பூ இருந்தது. செய்தி பொய் என்று தெரிந்த பிறகு அது எதற்கு என்று கையைக் காட்டிக் கேட்டேன். தன் நாற்பது வார்த்தையில் அவள் சொன்னது இதுதான். அழுதாகிவிட்டது. அதைத் திருப்பி உள்ளே வைக்க முடியாது. நாற்பத்தொன்பது நாள் வைத்திருப்பேன். நடுவில் அவன் வந்தால் எடுத்து அவன் கையில் கொடுப்பேன், சிரிக்கட்டும்.

8

நவம்பர் பதினோராம் தேதி பீரங்கி போட்டார்கள். பசார் நின்றது. ஆறு குழவிகள் நின்றன, என் குழவி ஓடியது. ஆ லானுக்கு இது முதல் தடவை. பக்கத்துப் பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள். ஆ லான் இரண்டு கையையும் மிளகாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேள்வியாகக்கூட இல்லை, சும்மா பார்த்தாள்.

என் கை நின்றது. நான் நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன், நின்றது. இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கோழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, எதிரில் இருந்த மிளகாய் உருண்டையைப் பார்த்து, உதட்டுக்குள் அவர் பேரைச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. மறுபடி பீரங்கி போட்டார்கள், மீன்காரன் கத்தியை இறக்கினான், யாரோ ஆறு பேருக்கு ஆட்டிறைச்சி மசாலா கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு கிள்ளுகூடத் தவறவில்லை.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் ராஜாமணியை அழைத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். இப்போது அங்கே இருப்பவர் நம்மவர், இளம் பையன். பேர் என்ன என்று கேட்டார். ராஜாமணி வாயைத் திறந்தாள். அவள் கையை அழுத்தி நிறுத்திவிட்டு நானே சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. கிராணி எழுதிக்கொண்டு, பழைய பதிவுகள் வெளிநாட்டில் இருக்கின்றன, எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர எட்டு மாதமோ ஒரு வருஷமோ ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.

வெளியே வந்ததும் மகளிடம் காகிதத்து விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

“எனக்குப் பத்து வயசுலயே தெரியும்மா” என்றாள். “நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் அந்த டப்பாவைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். இத்தனை கெட்டிக்காரியான என் கண்ணுக்கு அது தெரியவில்லை. ரிக்‌ஷாவில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். மசாலா வாடை பிடிக்காது என்று எட்டு வயதிலிருந்து எட்டி உட்கார்கிற பெண்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அம்மாள் மகனோடு வந்தார். காகிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், நான் பேர் சொல்லாமல் மலையைச் சொன்னதையும், சீனர் எழுதினதையும், தெரிந்த பிறகும் நான் திருத்தாமல் இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கலியாணம் நின்றால் நிற்கட்டும் என்று மனதைக் கட்டிக்கொண்டுதான் சொன்னேன். மாப்பிள்ளை காகிதத்தை விரித்து முதலிலிருந்து படித்தார். பாக்கியம் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

“ஏன் சிரிக்கிறீங்க அம்மா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில உங்கப்பா பேரக் கேட்டாங்கடா. நான் வாயத் தொறக்கல, சுவத்துல மாட்டியிருந்த ராஜா படத்தக் காட்டினேன். நர்ஸ் ஜார்ஜுன்னு எழுதிட்டா. அத அடிச்சிட்டு ராஜான்னு தொடங்குற தன் பேரப் போட உங்கப்பா ஆறு தடவை நடந்தாரு.” சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சம்பந்தியம்மா, பதில் தைக்கு முன்னால வருமா?”

“கப்பல்ல போயி கப்பல்ல வரணும். வராது.”

“அப்ப முகூர்த்தத்தன்னிக்கி நீங்க முன்னாலதான் நிக்கறீங்க. அதுக்கு மேல வர்றத அப்ப பாத்துக்கலாம். எங்க பொம்பளைங்க கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

யாரும் எனக்காகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, நானே சொல்வேன் என்றேன். “அதுவும் சரிதான்” என்றார்.

இதோ உங்களுக்கும் சொல்லிவிட்டேன். அன்று கூடத்தில் நான் காட்டியது என் வீட்டுக்காரரைப் பற்றிய காகிதம் இல்லை. அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சேலைக்கு மட்டும் விலை அனுப்பியிருக்கிறேன். கலியாணத்துக்குக் கப்பலேறி வருகிறவர்களை வாசலில் சந்தனத்தோடு வரவேற்பது நான்தான். என் கையால் வாங்கச் சங்கடப்படுகிறவர்கள் அக்கரையிலேயே இருந்து வாழ்த்தினாலும் சேரும். பூத்தட்டு இரண்டு வைக்கப்போகிறேன், ஒன்றில் மல்லிகை, ஒன்றில் சிவப்பு ரோஜா. ஆ லானுடைய நாற்பத்தொன்பது நாள் அதற்குள் முடிந்திருக்கும். அவள் எதை எடுக்கிறாளோ எடுக்கட்டும். இந்தத் தடவை நான் வைத்துவிட மாட்டேன்.

பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் பேர் போடுகிற இடத்தில் எழுத்துக் கோக்கிறவன் என்னைக் கேட்டான். உங்களுக்கெல்லாம் தெரிந்த பேர்தான், என் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் என் கையாலேயே எழுதுகிறேன். பெண்ணின் தகப்பனார் பேர் வேலாயுதம்.